எடக்கல் போறியா தங்கச்சி? இதைப் படிச்சுட்டுக் கிளம்பு

லீவு விட்டதும் நம்ம ராமாபுரத்துப் பொண்ணுங்க கேக்குற முதல் கேள்வி, "அக்கா, வயநாடு எடக்கல் குகைக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" சாமான் லிஸ்ட் கீழே சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு: மலை ஏற எவ்வளவு நேரம் ஒதுக்குறியோ, உள்ளே நின்னு பார்க்கவும் அவ்வளவு நேரம் ஒதுக்கு. மூச்சு வாங்க ஏறி, செல்ஃபி எடுத்து, "வெறும் கோடுதானே"ன்னு இறங்கி வர்றவங்கதான் ஜாஸ்தி.

கிளம்புறதுக்கு முன்னாடி

திங்கட்கிழமை குகை லீவு. ஞாயிறையும் திங்களையும் சேர்த்துப் பிளான் போட்டா, எடக்கலை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுடு. தினமும் இத்தனை பேரைத்தான் விடுவோம்னு ஒரு வரம்பு இருக்கு. அதனால காலையிலேயே கவுன்ட்டர்ல நில்லு. ஜூன், ஜூலை மழையில மண்சரிவு பயத்துல மூடுறதும் உண்டு. போன் போட்டுக் கேட்டுட்டுக் கிளம்பு.

குண்டலுப்பேட்டை வழியா வர்றேன்னு வெச்சுக்குவோம். அங்கேயே டிபனை முடிச்சு, பெட்ரோல் போட்டுக்கோ. அதுக்கப்புறம் பந்திப்பூர் காடு. ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் அந்த ரோட்டுல வண்டி விட மாட்டாங்க. பகல்லயும் நடுவுல நிறுத்தி மானுக்கு பிஸ்கட் போடுற வேலை வேண்டாம். காட்டைத் தாண்டினா சுல்தான் பத்தேரி. அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர்ல, அம்பலவயல் பக்கம், அம்புகுத்தி மலை.

பையில என்ன?

• பிடிமானமுள்ள ஷூ. வழுக்குற செருப்பு, ஹீல்ஸ் கூடவே கூடாது.
• சுடிதார்தான் வசதி. புடவைதான் கட்டுவேன்னா கணுக்கால் தெரியத் தூக்கிக் கட்டு. இரும்புப் படியில கொசுவம் மாட்டும்.
• ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் தண்ணி.
• தீனி எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். கவர் சத்தம் கேட்டாலே குரங்கு வந்து நிக்கும்.
• கைக்குழந்தைன்னா துணித்தூளியில மார்போட கட்டிக்கோ. உன் ரெண்டு கையும் கைப்பிடிக்கு வேணும்.

ஏறும்போது

முதல்ல மேட்டு ரோடு, அப்புறம் கல் படி, இரும்புப் படி. பாத்ரூம் வேலையை அடிவாரத்துலயே முடிச்சுடு. முட்டி வலி இருக்குற மாமியாரையோ மாசமா இருக்குறவளையோ "மெதுவா வாங்க, பார்த்துக்கலாம்"னு கட்டாயப்படுத்தாதே. அம்பலவயல் மியூசியத்துல நடுகல்லும் பழங்காலச் சாமான்களும் இருக்கு. அவங்க துணைக்கு ஒரு ஆளோட அங்கே நிதானமா பார்க்கட்டும்.

உள்ளே போனதும்

குகைன்னு பேரே தவிர, இது உண்மையில பெரிய பாறைப் பிளவு. மேலே ஒரு பாறாங்கல் விழுந்து இடுக்குல மாட்டிக் கூரையாயிருக்கு. மேல் அறை 96 அடி நீளம், 22 அடி அகலம். வெயில்ல இருந்து உள்ளே போனதும் ஒண்ணும் தெரியாது. கண்ணு பழகுற வரைக்கும் ஓரமா சும்மா நில்லு.

அப்புறம் சுவரைப் பாரு. இது சாயம் தீட்டின ஓவியம் இல்ல, பாறையைக் கீறிக் கீறி வரைஞ்சது. பழைய கோலத்தை அழிக்காம அது மேலேயே புதுசு போட்ட மாதிரி கோடு மேல கோடு ஓடும். மொத்தமா பார்த்தா குழப்பம்தான். தலையில அலங்காரத்தோட நிக்குற ஒரு மனுஷ உருவத்தை முதல்ல கண்டுபிடி. அந்த உருவத்தோட கையில இருந்து கண்ணை நகர்த்தினா, பக்கத்துல மிருகம், சக்கரம்னு ஒவ்வொண்ணா வெளியே வரும். இடுக்கு வழியா வர்ற வெயில் சுவத்துல சாயும்போது கோடு இன்னும் எடுப்பாத் தெரியும்.

புதிய கற்காலத்துச் செதுக்கல்னு சொல்றாங்க. 1890கள்ல மலபார் போலீஸ் அதிகாரி ஃப்ரெட் ஃபாசெட் பார்த்து, பின்னாடி அதைப் பத்தி எழுதினதுக்கு அப்புறம்தான் வெளியுலகத்துக்குத் தெரிஞ்சுது. படத்துக்குப் பக்கத்துல எழுத்தும் இருக்கு, அதைத் தவறவிடாதே. தமிழ் பிராமி எழுத்து, படத்தைவிட ரொம்பப் பிந்தினது. அதுல 'சேர'ன்னு ஒரு சொல் இருக்கிறதா அறிஞர்கள் படிச்சுச் சொல்லியிருக்காங்க. சேர நாட்டு மலையில நிக்குறோம்னு பிள்ளைங்களுக்குச் சொல்லு.

கை பத்திரம்

கோடு தெரியணும்னு தண்ணி தெளிக்கிறது, சாக்பீஸ் தடவுறது, விரலால வருடுறது எதுவும் கூடாது. கேரளத் தொல்லியல் துறை பாதுகாக்குற இடம் இது. ஒருத்தர் தொட்டா என்ன ஆகும்னு தோணும். தினமும் வர்ற அத்தனை பேரும் அப்படியே நினைச்சா, கை வேர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து கல்லு கெட்டுப்போகும்.

"அந்தக் காலத்துல அவங்க மட்டும் எழுதலாமா?"ன்னு உன் பையன் கேப்பான். நல்ல கேள்வி, அதட்டாதே. "அவங்க கிட்ட காகிதம் இல்ல, உன் கிட்ட நோட்டு இருக்கு. நீ எழுதினா அவங்க எழுதினது அழிஞ்சுடும்"னு சொல்லு. சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்து, பிடிச்ச உருவம் ஒண்ணை வரையச் சொல்லு. வரையணும்னா உத்துப் பார்த்தே ஆகணும். கையும் சுவத்துப் பக்கம் போகாது.

திரும்பும்போது

பத்தேரி ஊருக்குள்ளயே பழைய ஜைனக் கோயில் இருக்கு. திப்பு காலத்துல பீரங்கிச் சாமான் வெச்சிருந்த இடம். படி ஏறுற வேலை இல்லாததால கால் வலியோட கூட பார்த்துடலாம். பூக்கோடு ஏரி, பாணாசுரசாகர் அணைன்னு டிரைவர் லிஸ்ட் நீட்டுவார். இன்னொரு தடவைன்னு சொல்லிடு. ஒரே நாள்ல அஞ்சு இடம்னு ஓடினா எடக்கல்லுக்கு அரை மணி நேரம்தான் மிஞ்சும், அதுல கோடு மட்டும்தான் தெரியும். எப்படியும் சாயங்காலம் 6 மணிக்கெல்லாம் பத்தேரியை விட்டுக் கிளம்பிடு. காட்டு கேட் உனக்காகக் காத்திருக்காது.