ஒளிமுதல்களும் ஒளியுணர்வும்: நீல அச்சு முறை

வினா: நீல அச்சுத் தாளொன்று இழைமின்குமிழின் கீழ் அரை மணிநேரம் வைக்கப்பட்டது. உருவம் பதியவில்லை. அதேபோன்ற தாள் நானுஓயாவில், முகில் மூடிய வானின் கீழ் வைக்கப்பட்டபோது பதிந்தது. காரணம் தருக.

“மின்குமிழின் வெளிச்சம் போதாது” என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வேறு, தாளில் தாக்கம் புரியும் கதிர் வேறு.

1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டறிந்த இம்முறையில், பெரிக்கமோனியம் சித்திரேற்றுக் கரைசலையும் பொற்றாசியம் பெரிசயனைட்டுக் கரைசலையும் கலந்து தாளில் பூசி, மங்கலான அறையில் உலர்த்துவர். கழியூதாக் கதிரும் ஓரளவுக்கு நீல ஒளியும் பட்டதும் இரும்பு(III) அயன் இரும்பு(II) ஆகத் தாழ்த்தப்படும். அது பெரிசயனைட்டுடன் சேர்ந்து நீரில் கரையாத பிரசிய நீலத்தைத் தரும். தாளின் மேல் ஓர் இலையை வைத்திருந்தால், அது மறைத்த இடத்தில் பூச்சு மாறாதிருக்கும். கழுவும்போது கரைந்துபோய் வெள்ளை உருவம் எஞ்சும். “தாழ்த்தல்” என்ற சொல்லை விடையில் விட்டுவிடாதீர்கள்.

இழைமின்குமிழ் வெளிவிடுவதில் பெரும்பகுதி செந்நிறக்கீழ்க் கதிர். கழியூதா மிகச் சொற்பம். மாறாக, பூச்சிப் பொறிகளில் எரியும் ஊதா நிறக் குழாய்விளக்கு கண்ணுக்கு மங்கல், ஆனால் தாளை நீலமாக்கும். முகிலும் அப்படித்தான்: கழியூதாவைக் குறைத்துச் சிதறச் செய்யுமே தவிர முற்றாகத் தடுக்காது. தெளிந்த வானில் 1000 மீற்றர் உயர்வுக்கு அது ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். நானுஓயா புகையிரத நிலையம் 1600 மீற்றர் அளவில் உள்ளது. ஆயினும் இங்கு வெயிலும் மூடுபனியும் ஒரே மணிநேரத்தில் மாறி மாறி வருவதால், கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. ஒரே தாளில் வெட்டிய சிறு துண்டுகளை அருகில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிப் பாருங்கள்.

வெள்ளிப் புரோமைட்டுத் தாளுக்குச் சில செக்கன்கள் போதும். ஒளி அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றத்தையே செய்யும். உருத்துலக்கிக் கரைசல் அதைப் பன்மடங்கு பெருக்கும். நீல அச்சில் அப்பெருக்கம் இல்லை, எல்லா வேலையையும் கதிரே செய்யவேண்டும். எனவே பெருப்பிக்கும் கருவி இங்கு உதவாது. மறைப்படத்தைத் தாளோடு ஒட்டி வைக்கவேண்டும், படமும் அதன் அளவிலேயே வரும்.

ஹேர்ஷலின் நண்பரான ஜூலியா மாகரெட் கமரன் பயன்படுத்திய அல்புமின் தாளும் இவ்வாறே வெயிலில் அச்சிடப்பட்டது. ஆகவேதான் பெரிய படம் வேண்டி அவர் பெரிய கண்ணாடித் தட்டுகளைக் கையாண்டார். 1875இல் இலங்கைக்கு வந்த அவர் 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது.

பயிற்சி: கண்ணாடிச் சட்டத்தின் கீழ் வைத்த தாளும் நீலமாவது ஏன்?
விடை: சாதாரண கண்ணாடி குறுகிய அலைநீளக் கழியூதாவைத் தடுத்தாலும், நீண்ட அலைநீளக் கழியூதாவின் பெரும்பகுதியை ஊடுசெல்ல விடும்.