தொடைத் தசைக்கு ஒரு சைக்கிள்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்நின்று ஊக்கப்படுத்த, ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். அன்று விடுதலைக்காக மிதித்த சைக்கிளை இன்று சர்க்கரைநோய்க்கு எதிராகவும் வெளியே எடுக்க வேண்டும். உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எலும்புத் தசை. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது அதுதான். உழைக்கும் தசை, இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும் சர்க்கரையை உறிஞ்சும். உடம்பின் மிகப்பெரிய தசைகள் பிட்டத்திலும் தொடையிலும் உள்ளன; பெடலை மிதிப்பவை அவையே.

"வீட்டு வேலையே போதாதா?" என்பார்கள். அந்த உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் நின்ற இடத்துச் சமையல் தொடைக்குப் போதிய வேலை தருவதில்லை. மூட்டு தேயுமே என்ற பயமும் வேண்டாம்: உடல் எடையைச் சீட்டு தாங்குவதால் மாடிப்படி ஏறுவதைவிட முழங்காலுக்குச் சுமை குறைவு. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்குமாறு சீட்டை உயர்த்துங்கள். வாரம் 5 நாள், 30 நிமிடம் ஓட்டுங்கள். கூடவே 2 நாளாவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 தடவை எழுந்து உட்காருங்கள். தசை வலுப்பெற அதுவும் தேவை. சாப்பாட்டில் பயறு, முட்டை, நம்மூர் நிலக்கடலை இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.