வீரர் ஆவார் யார்? – பெரியவுடையார் காட்டிய வழி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வென்றவனை வீரன் என்பது உலக வழக்கு. ஸ்ரீராமாயணமோ தோற்று விழுந்த ஒருவரை வீரராகக் காட்டுகிறது. அவரே ஜடாயு மஹாராஜர். நம் பூர்வாசார்யர்கள் 'பெரியவுடையார்' என்று உகந்து அழைக்கும் பெருமை பெற்றவர்.

ஆரண்ய காண்டத்தில், ராவணன் கவர்ந்து செல்லுகையில், மரத்தின்மேல் இருந்த ஜடாயுவைக் கண்டு பிராட்டி கதறினாள். ஆயினும் போர் புரியும்படி அவள் கேட்கவில்லை என்பது நோக்கத்தக்கது. இவனைத் தடுக்க உம்மால் ஆகாது, பெருமாளிடமும் இளைய பெருமாளிடமும் நடந்ததைச் சொல்லும் என்பதே அவள் வேண்டியது.

ஆகவே, செய்தி சொன்னாலே இட்ட பணி நிறைவேறியிருக்கும். தமக்கு வயது 60,000 ஆண்டுகள் என்பதையும், எதிரி இளைஞன், தேரும் வில்லும் கவசமும் உடையவன் என்பதையும் அவரே தம் வாயால் கூறுகிறார். அறிந்தும் எதிர்த்தார். முதலில் தர்மம் உரைத்தார். பெருமாள் இல்லாத வேளையில் வந்து கவர்வது கள்வர் வழியேயன்றி வீரர் வழியன்று என்று இடித்துரைத்தார். வில்லை முறித்தார், தேரை அழித்தார். இளைத்த பின்னரே ராவணன் வாளால் அவருடைய சிறகுகளையும் கால்களையும் வெட்டினான்.

வங்கியில் வரவு செலவு பார்த்தே காலங்கழித்த நம் போன்றார்க்கு இது முழு நஷ்டமாகத் தோன்றும். பிராட்டி மீளவில்லை, உயிரும் போயிற்று. மேலும், சரணாகதன் தன் முயற்சியை விட்டிருக்க வேண்டாவோ என்ற ஐயமும் எழும். இதற்குப் பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் வழி காட்டுகிறார். உபாயத்தில் நிலைநிற்பதற்குப் பிராட்டியை உதாரணமாகக் கூறி, உபேயமான கைங்கர்யத்திற்கு இளைய பெருமாளோடு பெரியவுடையாரையும் எடுத்துக் காட்டுகிறார். தன் பேற்றுக்காகத் தன் பலத்தைக் கொள்ளாதிருப்பது பிராட்டியின் நிலை. அவனுடைய உடைமைக்குத் தீங்கு நேரும்போது தன் உயிரையும் பாராதிருப்பது பெரியவுடையாரின் நிலை. இரண்டும் ஒரே அடியவனிடம் பொருந்த வேண்டியவை.

பிராட்டி இட்ட பணியையும் அவர் விடவில்லை. பெருமாள் வரும்வரை உயிரைத் தாங்கி, கவர்ந்தவன் ராவணன் என்றும் தென்திசை நோக்கிச் சென்றான் என்றும் தெரிவித்த பின்னரே உயிர் நீத்தார். பெருமாளும் தந்தைக்குச் செய்வதுபோல் ஈமக்கடன் செய்து, ஒப்பற்ற உலகை அளித்தருளினார். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாள் இந்தச் சரிதத்தை நினைப்பூட்டி இன்றும் ஸேவை ஸாதிக்கிறார்.

பலன் கிட்டுமா என்று எண்ணித் துணிபவன் வணிகன். யாருடைய பொருளுக்குத் தீங்கு நேர்கிறது என்று மட்டும் பார்த்துத் துணிபவனே வீரன். ஒரு பாகவதருக்கு அநீதி நேரும்போது, நம்மால் என்ன ஆகும் என்று நாம் ஒதுங்க நினைத்தால், சிறகிழந்து கிடந்த அந்தப் பெரியவரை ஒருகணம் நினைப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.