இடி விழுந்த மறுநாளுக்கு ஒரு பட்டியல்

ஐப்பசி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் வலையமைப்பு பார்ப்பவர்களுக்கு நித்திரை குறையும். பின்னேரத்தில் இருட்டிக்கொண்டு வரும் ஒரே இடியில் ஒரு பாடசாலையின் மூன்று கட்டடங்களிலும் சுவிட்சுகள் கருகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அதிபர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, என்னென்ன இருந்தது?” பதில் சொல்ல ஒருவரிடமும் பட்டியல் இல்லை. சாதனப் பட்டியலை வலையமைப்பு மேலாண்மை மென்பொருளில் ஏற்றவும் அதிலிருந்து எடுக்கவும் உள்ள வழிகளை அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன்.

மென்பொருளே தேடிச் சேர்ப்பது ஒரு வழி. லிப்ரே என்.எம்.எஸ். போன்ற கண்காணிப்பு மென்பொருட்கள், எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை மூலம் ஒரு சாதனத்தைப் பிடித்து, அதன் அயலில் உள்ளவற்றையும் தாமே சேர்த்துவிடும். ஐம்பது முகவரிகளைக் கையால் அடிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் உயிரோடு இருப்பதைத்தான் அது காணும். இடி தின்றதை இடிக்குப் பிறகு தேடிப் பயனில்லை. அலுமாரிக்குப் பின்னால் கிடக்கும் எஸ்.என்.எம்.பி. இல்லாத மலிவுச் சுவிட்ச், வேலை செய்துகொண்டிருந்தாலும் அகப்படாது.

அடுத்தது சி.எஸ்.வி. கோப்பு. சாதனப் பதிவேட்டு மென்பொருளான நெட்பொக்ஸ் இதை நேரடியாக ஏற்கும். இடம், தயாரிப்பாளர், மாதிரி, பணி ஆகியவற்றை முதலில் பதிந்துவிட்டே சாதனங்களை ஏற்ற வேண்டும்; ஒரு வரி பிழைத்தாலும் முழுக் கோப்பும் திரும்பி வரும். அது தொல்லையல்ல, காவல். லிப்ரே என்.எம்.எஸ்.ஸில் ஏற்றுவதானால், கோப்பை வரி வரியாக வாசித்து, சாதனம் சேர்க்கும் கட்டளையை இயக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளலாம்.

இதில் உண்மையான ஆபத்து எக்செல். சுவிட்சின் துறை எண் 1/12 என்று இருந்தால், கோப்பைத் திறந்த உடனேயே அது திகதியாக மாறிவிடும். 0045 என்ற தொடர் எண் 45 ஆகும். 47E12 என்பது பதினான்கு இலக்க எண்ணாகிவிடும். இதே மென்பொருள் மரபணுப் பெயர்களைத் திகதியாக்கிய தொல்லை தாங்காமல், 2020இல் அவற்றுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு சில பெயர்களையே மாற்றியது. ஆகவே கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறக்காதீர்கள். தரவு இறக்குமதி வழியாக எடுத்து, எல்லா நிரல்களையும் ‘எழுத்து’ என்று குறியுங்கள். “மேல்மாடி ஆய்வுகூடம்” என்று தமிழில் எழுதியிருந்தால், யூ.டி.எஃப்-8 என்பதையும் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல்தான் மிஞ்சும்.

மூன்றாவது, மென்பொருளின் சொந்த ஏற்றுமதி. இன்னொரு கண்காணிப்பு மென்பொருளான சபிக்ஸ் தன் சாதனங்களை யாமல், எக்ஸ்.எம்.எல்., ஜேசன் வடிவங்களில் தரும். அளவீடுகளும் எச்சரிக்கை விதிகளும் கூடவே வரும். பழைய வரைபடங்களின் தரவு வராது, இரகசியமாகக் குறித்த கடவுச்சொற்களும் வரா. இணைத்திருந்த வார்ப்புருக்கள் புதிய இடத்தில் இல்லையென்றால் ஏற்றம் நின்றுவிடும். ‘இல்லாதவற்றை நீக்கு’ என்ற தெரிவை, விளைவு விளங்காமல் ஒருபோதும் தொடாதீர்கள்.

என் தெரிவு இது. மூலப் பட்டியல் சி.எஸ்.வி.யில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை தானியங்கித் தேடலை ஓடவிட்டு அதனோடு ஒப்பிடுங்கள். சேவர் மாற்றும்போதும் பதிப்பு உயர்த்தும்போதும் மட்டும் சொந்த ஏற்றுமதி. பட்டியலில் இடத்துக்கென ஒரு நிரலைக் கட்டாயம் வையுங்கள். யாழ். பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானது. ஒரு நிறுவனம் அப்படிப் பிரியும்போது, எந்த ரவுட்டர் எந்தப் பக்கம் என்பதை அந்த ஒரு நிரலைக் கொண்டே வடிகட்டிவிடலாம். திருநெல்வேலி, கைதடி, கிளிநொச்சி என்று பரந்து கிடக்கும் யாழ். பல்கலைக்கழக இடங்களுக்கும் அது உதவும்.

எடுத்த கோப்பை அதே சேவரில் விட்டுவைக்காதீர்கள். இடி அதையும் தேடி வரும். ஒரு பிரதி வேறு கட்டடத்தில், ஒன்று அச்சிட்டு அலுவலகக் கோப்பில். எஸ்.என்.எம்.பி. கடவுச்சொல் உள்ள பிரதியை மட்டும் வட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம்.