சட்டமன்றம் சொன்னதும் மக்கள் சொன்னதும்

ஒரே பாலினத்தார் திருமணத்தை அங்கீகரிப்பது சட்டம் இயற்றும் மன்றங்களின் பொறுப்பு என்று 2023 அக்டோபர் 17 அன்று நமது உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள் மாலை நம் சங்க நூலகத்தில் இதுபற்றிப் பேச்சு எழுந்தது. "சட்டமே வந்தாலும் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள்" என்றேன். அங்கிருந்த இளைஞர் ஒருவர், "சார், எந்த ஜனங்களைக் கேட்டுச் சொல்கிறீர்கள்?" என்றார். என்னிடம் விடை இல்லை. எனவே, சட்டமும் இயற்றப்பட்டு, மக்களும் நேரடியாகக் கேட்கப்பட்ட ஓர் இடத்தைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலம் அது. மக்கள்தொகை சுமார் 14 லட்சம்.

2009 ஏப்ரலில் அதன் தலைநகரான அகஸ்டாவில் இம்மசோதா பற்றிய பொது விசாரணை நடந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இறைவன் வகுத்தது, அதை மாற்றலாகாது என்று ஒரு சாரார் வாதிட்டனர். இரண்டாம் உலகப்போரில் பணிபுரிந்த 86 வயது முதியவர் ஒருவர் எழுந்தார். தமக்கு நான்கு மகன்கள் என்றும், மூவருக்கு உள்ள உரிமை தன்பாலின ஈர்ப்புள்ள ஒருவனுக்கு மட்டும் இல்லாமற் போக வேண்டும் என்று தாம் வளர்க்கவில்லை என்றும் சொன்னார்.

மசோதா நிறைவேறியது. மே 6 அன்று ஆளுநர் ஜான் பால்டாச்சி கையொப்பமிட்டார். ஆனால் அம்மாநில அரசியலமைப்பில் 1908 முதல் 'மக்கள் ரத்துரிமை' என்றொரு ஏற்பாடு உண்டு. போதிய வாக்காளர்கள் கையொப்பமிட்டால், சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டுப் பொது வாக்கெடுப்புக்கு விடப்படும். அப்போது தேவைப்பட்டவை 55,000க்குச் சற்று அதிகமான கையொப்பங்கள். எதிர்ப்பாளர்கள் அதைத் திரட்டினர். கத்தோலிக்கத் திருச்சபை முன்னின்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பாடமாக்கப்படும் என்ற அச்சத்தைத் தொலைக்காட்சி விளம்பரங்கள் வளர்த்தன. நவம்பர் 3 அன்று 53க்கு 47 என்ற விகிதத்தில் மக்கள் சட்டத்தை ரத்து செய்தனர்.

இதுவரை படித்தபோது, நான் சொன்னதே சரி என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

தோற்றவர்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல், வாக்காளர்களிடமே திரும்பிப் போனார்கள். வீடு வீடாகச் சென்று, எதிர்த்து வாக்களித்தவர்களின் ஐயங்களைப் பொறுமையாகக் கேட்டார்கள். பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச முன்வந்தனர். எந்த மதகுருவும் தம் சமயக் கொள்கைக்கு மாறாகத் திருமணம் நடத்தி வைக்க வேண்டியதில்லை என்று புதிய மசோதாவில் தெளிவாக எழுதினர். திருச்சபையும் இம்முறை நேரடிப் பிரசாரத்தில் இறங்காமல், போதனையோடு நிறுத்திக்கொண்டது.

2012 நவம்பர் 6 அன்று மீண்டும் வாக்கெடுப்பு. இம்முறை ஆதரவாக ஏறத்தாழ 53, எதிராக 47. அதற்கு முன் 30க்கும் மேற்பட்ட மாநில வாக்கெடுப்புகளில் எதிர்ப்பே வென்றிருந்தது. அதே நாளில் மேரிலாந்து, வாஷிங்டன் மாநில மக்களும் தத்தம் சட்டமன்றங்கள் இயற்றிய சட்டத்தை உறுதி செய்தனர்.

கணக்கை நேர்மையாகப் பார்க்க வேண்டும். 2012இல் அதிபர் தேர்தலும் சேர்ந்து வந்ததால் வாக்களித்தோர் தொகை சுமார் 5.7 லட்சத்திலிருந்து 7 லட்சமாக உயர்ந்தது. புதிதாக வந்தவர்களின் பங்கும் இம்மாற்றத்தில் உண்டு. எதிர்த்தவர்களும் மறைந்துவிடவில்லை, நூற்றுக்கு 47 பேர் அப்போதும் இருந்தனர். ஆனால் மூன்றே ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் தீர்ப்பு மாறியது என்பதை மறுக்க இயலாது.

நம் நாட்டில் திருமணம் பொதுப்பட்டியலில் உள்ளது. நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், மாநிலச் சட்டமன்றங்களும் இயற்றலாம். என்றாவது ஒரு மசோதா வந்தால், இங்கும் கூச்சல் எழும். அந்த முதல் கூச்சலை மக்களின் முடிவான தீர்ப்பு என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது பேச்சின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

அந்த இளைஞருக்கு நான் தர வேண்டிய பதில் இதுதான்: தம்பி, அன்று நான் எந்த ஜனங்களையும் கேட்டுச் சொல்லவில்லை. எனக்கிருந்த தயக்கத்தை ஜனங்கள் தலையில் ஏற்றிச் சொன்னேன். அந்தத் தயக்கம் இன்னும் முழுதும் நீங்கவில்லை. ஆனால் இனி அதை என் பெயரிலேயே சொல்வேன், கேட்கவும் செய்வேன். அடுத்த நூலகக் கூட்டத்தில் பேசுவோம், வாருங்கள்.