மாலை ஆறு மணிக்குப் பிறகு: தங்கும் முகாமில் ஆசிரியரின் பணி

ஏழு நாள் முகாமுக்கான நிகழ்ச்சி நிரலை நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தயாரிக்கிறோம். காலை 6 மணிக்கு உடற்பயிற்சி, 8 மணிக்குச் சிற்றுண்டி, 9 முதல் 12 வரை களப்பணி, பிற்பகலில் கருத்துரை, மாலையில் கலை நிகழ்ச்சி, இரவு 9 மணிக்கு உறக்கம். அத்துடன் அந்த நாளுக்கான கட்டம் முடிந்து, அடுத்த தேதி தொடங்கிவிடும். முகாமை வகுப்பறையிலிருந்து வேறுபடுத்துவதோ அந்தக் கட்டத்தில் எழுதப்படாத இரவு நேரம்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. அதன் சின்னம் கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச் சக்கரம். சக்கரத்தின் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன. தொண்டர் எந்நேரமும் சேவைக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். முகாமுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். கோவை மாவட்டத்தில் திட்ட அலுவலராகச் சில ஏழு நாள் முகாம்களை நடத்தியிருக்கிறேன். கோடை விடுமுறையில் உதகையில் நடந்த மாணவர் முகாமுக்கும் பொறுப்பாசிரியராகச் சென்றிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ஆசிரியர் செய்ய வேண்டியவை சிலவற்றை இங்கே பகிர்கிறேன்.

முதல் இரவு

வீட்டு ஏக்கம் பெரும்பாலும் பொழுது சாயும்போது தொடங்கும். பகலெல்லாம் ஆடிப்பாடிய பிள்ளை படுக்கை விரிக்கும் நேரத்தில் சுருங்கிப்போவதை முதல் இரண்டு இரவுகளில் பார்க்கலாம். எல்லாப் பிள்ளைகளும் அழுவதில்லை. சிலர் சாப்பாடு வேண்டாம் என்பார்கள். சிலர் தலை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்பார்கள்.

ஒரு முகாமில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி இரவு பத்து மணிக்கு வயிற்று வலி என்று வந்து நின்றாள். அருகில் உட்கார வைத்து, “எங்க கண்ணு வலிக்குது?” என்று கேட்டேன். சிறிது நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “அமுச்சிக்கு ராத்திரி மாத்திரைய நாந்தானுங்க டீச்சர் எடுத்துத் தருவேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க” என்றாள். அடுத்த வீட்டு அக்காவின் எண் அவளிடம் இருந்தது. பேச வைத்தேன். எந்த அட்டையில் எந்த மாத்திரை என்று நிறத்தைச் சொல்லி விளக்கினாள். அதன்பின் தூங்கிவிட்டாள். வயிற்று வலி திரும்ப வரவில்லை.

வீட்டு ஏக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இப்படிப்பட்ட பொறுப்புகளும் இருக்கின்றன. மாடு கறப்பது, தம்பிக்குச் சோறு போடுவது, விசைத்தறி ஷிப்டு முடிந்து வரும் அம்மாவுக்குக் கதவு திறப்பது என்று நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஒரு வேலையைத் தாங்கி நிற்கிறார்கள். ஆகவே பெற்றோர் ஒப்புதல் படிவத்துடன், “நீ இல்லாத ஏழு நாளும் வீட்டில் உன் வேலையை யார் பார்ப்பார்கள்?” என்ற ஒரு கேள்வியையும் மாணவரிடம் கேட்டுவிடுங்கள். விடை இல்லாவிட்டால் புறப்படும் முன்பே பெற்றோரிடம் பேசி ஏற்பாடு செய்யலாம்.

வீட்டுக்குப் பேச மதிய உணவுக்குப் பின் நேரம் ஒதுக்குவது நல்லது. படுக்கப் போகும் நேரத்தில் அம்மாவின் குரலைக் கேட்டால் ஏக்கம் கூடும். “அழாதே” என்று சொல்வதைவிட ஒரு சிறு வேலை கொடுப்பது பலன் தரும். நாளைய வருகைப் பட்டியலுக்குக் கோடு போடச் சொன்னாலே போதும்.

ஐந்து பேர் கொண்ட குழு

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்துதான் சாரணர் இயக்கம் பிறந்தது. அங்கே சுமார் இருபது சிறுவர்கள் இருந்தனர். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களிலேயே ஒருவரைத் தலைவராக்கினார். அந்த முறை இன்றும் உதவுகிறது. 25 பேர் இருந்தால் ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள். சமையல், தண்ணீர், தூய்மை, மேடை, நாட்குறிப்பு என ஐந்து பொறுப்புகளை நாள்தோறும் சுழற்றுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு ஒரு நண்பராவது இருக்கட்டும். நண்பர் கூட்டம் முழுவதும் ஒரே குழுவில் அமைந்தால் தனித்து நிற்கும் பிள்ளை மேலும் தனித்துப்போகும்.

இரவில் இதன் பயன் தெரியும். 25 பேரில் ஒருவர் குறைந்தால் நம் கண்ணுக்குத் தப்பலாம். ஐவரில் ஒருவர் குறைந்தால் மற்ற நால்வருக்கும் உடனே தெரியும். மாலை 6, இரவு 9, அதிகாலை 5 என மூன்று முறை அணித்தலைவர் எண்ணிச் சொல்லட்டும். நாமும் ஒருமுறை நேரில் எண்ணிவிட வேண்டும்.

பந்தி

முகாமின் இரவு உணவுக்கு அரிசிம்பருப்புச் சோற்றை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரே பாத்திரத்தில் வெந்துவிடும். பிள்ளைகளே சமைக்கலாம். 25 வளரிளம் பிள்ளைகளுக்கு மூன்று கிலோ அரிசியும் முக்கால் கிலோ துவரம்பருப்பும் சரியாக இருக்கும். கூடவே தயிரும் அப்பளமும் இருந்தால் விருந்துதான்.

பந்தியில் நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. யார் சமைத்ததை யார் உண்பது, யார் பக்கத்தில் யார் அமர்வது என்பவை நம் ஊர்களில் இன்னும் பேசாமலே பேசப்படும் விஷயங்கள். பிள்ளைகளும் அவற்றை வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள். இதற்கு உரை நிகழ்த்துவதைவிடச் சீட்டுக் குலுக்குவது நல்லது. யார் சமையல், யார் பரிமாறல், எந்த இடத்தில் அமர்வது என எல்லாவற்றையும் முதல் நாளே சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். ஆசிரியரும் சீட்டு எடுத்து, வந்த இடத்தில் அமர்ந்து உண்ண வேண்டும். யாராவது இடம் மாறக் கேட்டால் காரணம் கேளுங்கள். காய்ச்சல், வாந்தி போன்ற உடல்நலக் காரணங்கள் தவிர வேறு எதற்கும் மாற்றம் வேண்டாம். ஏழு நாளில் 21 வேளை உணவு. ஒரே பாத்திரத்திலிருந்து 21 வேளை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பழக்கத்தை விளக்கத் தனி உரை தேவைப்படாது.

இருட்டும் தண்ணீரும்

தொண்டாமுத்தூர், ஆனைகட்டி, பெரியநாயக்கன்பாளையம் வட்டாரங்களில் மலையடிவார ஊர்களில் தங்கினால் யானை நடமாட்டத்தை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களிடம், “பொழுது உழுந்துட்டா புள்ளைங்கள வெளிய உடாதீங்க டீச்சர். ஆனை எந்தப் பக்கம் வரும்னு எங்களுக்கே தெரியாதுங்க” என்று சொன்னதுதான் முதல் விதி. முகாமுக்கு முன்பே வனத்துறையினரிடம் பேசுங்கள். அரிசி, வெல்லம், உப்பு, வாழைப்பழம் ஆகியவற்றின் வாசனைக்கு யானை வரும். மளிகையைப் பிள்ளைகள் உறங்கும் கட்டடத்தில் வைக்கக் கூடாது. கழிப்பறை கட்டடத்தை ஒட்டியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே இடத்தை உறுதி செய்யுங்கள். இருட்டில் நூறு அடி நடந்து போக வேண்டிய கழிப்பறை இருந்தும் பயனில்லை. பெண் பிள்ளைகள் அதற்குப் பயந்தே மாலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

தண்ணீர் இதைவிடப் பெரிய ஆபத்து. கொங்கு நாட்டின் பாசனக் கிணறுகள் ஆழமானவை. பி.ஏ.பி. வாய்க்காலில் நீரோட்டம் மேலே தெரிவதைவிட வேகமாக இருக்கும். நீச்சல் தெரிந்த பிள்ளை முதலில் இறங்கும். தெரியாத பிள்ளை வெட்கத்தில் பின்னால் இறங்கும். எனவே கிணறு, வாய்க்கால், தடுப்பணை எதிலும் குளியல் இல்லை என்பது விதிவிலக்கு இல்லாத விதியாக இருக்கட்டும். ஆசிரியர் கரையில் நிற்பது பாதுகாப்பு ஆகாது.

உடல்நலமும் பாதுகாப்பும்

வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை, தினசரி மாத்திரை ஆகியவற்றைப் பெற்றோரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் பதின்ம வயதிலும் சிலருக்கு உண்டு. அதைத் தனியாகக் கேளுங்கள். ஒரு மாற்று விரிப்பும், மற்றவர்களுக்கு முன் எழுப்பிவிடும் ஓர் ஆசிரியரும் இருந்தால் அந்தப் பிள்ளையின் மானம் காப்பாற்றப்படும். உதகை போன்ற இடங்களில் மே மாத இரவும் குளிரும். சமவெளிப் பிள்ளைகளிடம் கம்பளி இருக்காது. விடுதியில் கேட்டு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைத்துக் கொடுக்கலாம்.

பெண் பிள்ளைகளுடன் பெண் ஆசிரியர் இரவிலும் தங்க வேண்டும். மூடிய அறைக்குள் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருக்கக் கூடாது. இது நமக்கும் பாதுகாப்பு. போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1098, 14417, 108 ஆகிய எண்களை உறங்கும் அறையின் சுவரில் எழுதி ஒட்டி, எது எதற்கு என்று முதல் மாலையே சொல்லிவிடுங்கள். இரவுக் காவலை இரண்டு ஆசிரியர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் விழித்தவர் மறுநாள் களப்பணியைக் கவனிக்க முடியாது.

திரும்பிய பிறகு

முகாம் அறிக்கையில் நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கையும் தூய்மை செய்த தெருக்களின் பெயரும் இருக்கும். அவற்றுடன், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி எழுதி அவரவர் வகுப்பாசிரியரிடம் கொடுப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவன், முப்பது பேருக்கான சமையலை அளவு பிசகாமல் நடத்தினான். பின்னர் அவனுடைய கணித ஆசிரியர் விகிதமும் விகிதச் சமமும் பாடத்தை அவனை வைத்தே தொடங்கினார். மாத்திரை கொடுக்கும் மாணவியின் வகுப்பாசிரியர், அவள் ஏன் சில காலைகளில் தாமதமாக வருகிறாள் என்று புரிந்துகொண்டார்.

அந்தரங்கமானவற்றை எழுதக் கூடாது. பிள்ளை எதில் தேர்ந்தவர், எதில் துணை தேவை என்பது போதும். முகாமிலிருந்து திரும்பும் பேருந்திலேயே எழுதிவிடுங்கள். பள்ளிக்கு வந்துவிட்டால் மதிப்பெண் பட்டியல் காத்திருக்கும்.