பாக்கி வைத்தவரும் உன் நோயாளிதான்

அன்புள்ள தங்கைக்கு,

சொந்தமாகப் பல் கிளினிக் திறந்துவிட்டாய். வேர் எப்படியெல்லாம் வளைந்திருக்கும் என்று கல்லூரியில் ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். பணம் கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுகிறார்கள். "முதலில் வலி போகட்டும், காசை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் அதில் கெட்டுப்போவது நோயாளியின் பல்.

வேர் சிகிச்சையையே எடுத்துக்கொள். பெரும்பாலும் முதல் நாளே வலி அடங்கிவிடும். தற்காலிகமாக அடைத்து அனுப்புவாய். வெளியே கவுண்டரில்தான் மொத்தத் தொகை அவர் காதில் விழுகிறது: சிகிச்சைக்கு 4,000 ரூபாய், பல்லின் மேல் போடும் கேப்புக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள். அவர் தலையாட்டிவிட்டுப் போவார், அடுத்த முறை வரமாட்டார். தற்காலிக அடைப்பு சில வாரங்களில் தேயும். எச்சில் உள்ளே கசியும், சீழ் பிடிக்கும். காப்பாற்றியிருக்கக்கூடிய கடைவாய்ப்பல்லைப் பிடுங்க வேண்டிவரும். அதற்கும் அவர் உன்னிடம் வரமாட்டார். பாக்கி இருக்கிறதே என்ற கூச்சத்தில் அடுத்த தெருவுக்குப் போவார்.

ஆகவே தொகையைச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதி. அதை ரிசப்ஷன் பெண்ணிடம் தள்ளிவிடாதே. சேரைச் சாய்ப்பதற்கு முன், மாஸ்க்கைக் கழற்றி, அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல். எந்த வேலைக்கு எவ்வளவு, எங்கே செலவு கூடக்கூடும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடு. நம் ஊரில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் அடிபட்டால்தான் பல்லுக்குப் பணம் தருகின்றன. சொத்தைப் பல்லுக்கு அவர் சொந்தக் காசைத்தான் புரட்டவேண்டும். வீட்டில் கலந்துபேச அவகாசம் கொடு. இன்றைக்கு வலியை மட்டும் நிறுத்தி அனுப்பலாம். முடியவே முடியாது என்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடு. அதில் உனக்கு எந்தக் குறைவும் இல்லை.

வசூல் வேலையோடு சேர்ந்தே நடக்கட்டும். வேர் சிகிச்சைக்கு முதல் நாளே பாதி. கேப்புக்கும் பல்செட்டுக்கும் அளவு எடுக்கும்போது முன்பணம் வாங்காமல் லேபுக்கு அனுப்பாதே. அவர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் லேப் பில் உன் மேசைக்கு வரும். அவர் பல்லுக்குச் செய்த கேப் வேறு யாருக்கும் பொருந்தாது.

பல்லுக்குக் கிளிப் போடுவது வேறு கதை. ஒன்றரை, இரண்டு வருடம் நடக்கும் சிகிச்சை அது. தொடங்கும்போது ஒரு பங்கு, மீதி மாதத் தவணை என்று வாங்குவதே வழக்கம். நடுவில் கிளிப் போட்ட பிள்ளையின் அப்பாவுக்கு வேலை போகலாம், தவணை நிற்கலாம். "பணம் கட்டிவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடாதே. நீ கட்டிய கம்பி, நீ பார்க்காவிட்டாலும் பல்லைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பிராக்கெட்டைச் சுற்றிச் சொத்தையும் விழும். தவணையைக் குறை, தள்ளிவை. பரிசோதனையை மட்டும் நிறுத்தாதே. பணம் பாக்கி என்பதற்காக எக்ஸ்ரேயைப் பிடித்துவைக்காதே.

காத்திருப்போர் நடுவில் பாக்கியைச் சத்தமாகக் கேட்க யாரையும் விடாதே. சின்ன ஊர்களில் பக்கத்து நாற்காலியில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள்.

"பார்த்துப் போடுங்க டாக்டர்" என்பார்கள். குறைத்துக்கொள்ள நினைத்தால் குறை, அதைப் பில்லிலேயே எழுது. குறைப்பதற்காகவே முதலில் ஏற்றிச் சொல்லாதே, அது ஏமாற்று. இலவசமாகச் செய்ய முடிவெடுத்தால் "இதற்குப் பணம் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல். நீ மனதுக்குள் தள்ளுபடி செய்தது அவருக்கு எப்படித் தெரியும்? கடன்காரராகவே நினைத்துக்கொண்டு உன் தெருப் பக்கமே வராமல் இருப்பார்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ரசீது கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. 500 ரூபாய் வாங்கினாலும் ரசீது கொடு. வாய் முழுக்க இம்ப்ளான்ட் வைக்கும் பெரிய வேலை வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஒரே சிகிச்சைக்காக ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. பல நாளில் பிரித்து வாங்கினாலும் கூட்டிப் பார்ப்பார்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். வங்கி வழியாகவோ யுபிஐயிலோ வாங்கிக்கொள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உன் பாக்கி நோட்டை எடு. வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு வராமல் இருப்பவர்கள் யார் யார் என்று குறித்துக்கொள். இந்த வாரமே நீயே போன் செய். பணத்தைப் பற்றிப் பேச்செடுக்காதே. பல்லை முடித்துக்கொள்ள வரச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா